பின்பக்கம் விலகிய தோள்

எங்கள் ஆஸ்பத்திரியில் எடுக்கும் எக்ஸ்ரேக்களில் முறிவைத் தேடுவதற்கு முன்னால் யுத்தகாலத்து இரும்புத் துண்டுகளைக் கடந்து போகவேண்டும். முழங்கால் நோவு என்று வருகிற ஐம்பது வயதுக்காரரின் படத்தில், தேய்ந்த மூட்டுக்குப் பக்கத்தில், அரிசி மணியளவில் இரண்டு மூன்று வெள்ளைப் புள்ளிகள் இருக்கும். கேட்டால், அது பழசு, அது கிடக்கட்டும் என்பார்கள். வேலைக்கு வந்த முதல் மாதங்களில் ஒவ்வொரு துண்டைப் பற்றியும் விசாரித்தேன். பிறகு விட்டுவிட்டேன். அவர்கள் எந்த நோவுக்காக வந்தார்களோ அதைப் பார்த்து அனுப்பப் பழகிக்கொண்டேன்.

நான் வன்னியில் வளர்ந்தவள்தான். எங்கள் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்தில் வயல் கிடைத்து வந்தது. நெல்லில் வந்த வருமானத்தில் படித்து டொக்டரானேன். அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை, ஆஸ்பத்திரி விடுதியில் ஓர் அறை. நாள் முழுக்க மற்றவர்களுடைய நெஞ்சுத் துடிப்பின் கோடுகளையும் மூட்டுகளின் நிழல்களையும் பார்த்துவிட்டு அறைக்குப் போனால், அம்மாவோடு தொலைபேசியில் கதைக்கக்கூடச் சில நாள் மனம் வராது. பெரும்பாலான கோடுகள் ஒன்றும் சொல்லாதவை. பெரும்பாலான நிழல்களும் அப்படித்தான். அப்படி இல்லாத ஒன்றைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

அந்தப் பிள்ளை வந்தது அறுவடை முடிந்து வயல்கள் காய்ந்து கிடந்த காலம். காலை நேரம். இருபது வயது இருக்கும். ஆடைத் தொழிற்சாலையின் நீல மேலங்கியோடு ஓட்டோவில் கொண்டுவந்தார்கள். ஸ்கந்தபுரம் பக்கத்து ஒழுங்கை ஒன்றில், தொழிற்சாலை பஸ்ஸைப் பிடிக்க ஓடியவள் நடுவழியில் விழுந்து, கைகால் இழுத்து, கொஞ்ச நேரம் நினைவில்லாமல் கிடந்திருக்கிறாள். எங்களிடம் வந்தபோது தெளிந்திருந்தாள். வலது கையை வயிற்றோடு ஒட்டவைத்து இடது கையால் தாங்கிப் பிடித்திருந்தாள். கூட வந்தது தாய். நாற்பதுகளில் உள்ள மெலிந்த பெண். மகளின் ஒற்றைச் செருப்பைக் கையில் வைத்தபடி கட்டிலின் கால்மாட்டில் நின்றார். பக்கத்தில் கதிரை இருந்தது. இருக்கச் சொன்னேன். "பரவாயில்லீங்க" என்று நின்றுகொண்டே இருந்தார்.

பேச்சிலேயே தெரிந்தது, மலையகத்திலிருந்து வந்த குடும்பம். தேயிலைத் தோட்டத்தில் இருந்த அவர்களுடைய பெற்றோர் ஒரு கலவரத்துக்குப் பிறகு உயிரோடு தப்பி இந்தப் பக்கம் வந்து காடு வெட்டிக் குடியிருந்தவர்கள். எங்கள் வயலிலும் அப்படிப்பட்ட குடும்பங்கள் நாற்று நட்டிருக்கின்றன. அவர்களும் எங்கள் முற்றத்தில் நின்றுகொண்டேதான் தேத்தண்ணி குடிப்பார்கள். இந்தத் தாய் ஏன் கதிரையில் இருக்கவில்லை என்பது எனக்கு விளங்கியது. மகளோ எங்கள் பேச்சையே பேசினாள். தாயிடம் திரும்பும்போது மட்டும் அது மாறியது.

பிள்ளைக்குப் பன்னிரண்டு வயதிலிருந்து வலிப்பு என்று தாய் சொன்னார். கிளினிக்கில் மாத்திரை எடுக்கிறாளாம். ஒரு நாளும் தவறவிடுவதில்லையாம். அப்படியிருந்தும் வருடத்துக்கு ஓரிரு தடவை விழுந்துவிடுவாளாம்.

தோள் எக்ஸ்ரே முதல் பார்வைக்கு ஒழுங்காகவே இருந்தது. தோள் விலகினால் பெரும்பாலும் மேற்கை எலும்பின் தலை முன்னாலும் கீழாலும் இறங்கி நிற்கும். படத்தைக் கண்டவுடனே தெரியும். இதில் அது குழிக்கு நேரேதான் நின்றது. முறிவும் இல்லை. என்னோடு நின்ற இளம் டொக்டர், தசைப்பிடிப்பாக இருக்கலாம், கையைத் துணியில் தொங்கவிட்டு வீட்டுக்கு அனுப்புவோமா என்று கேட்டார். ஆனால் கையை வெளிப்பக்கம் திருப்பிப் பார்த்தபோது அது அசையவே இல்லை. நோவுக்குப் பயந்து மறுக்கிற கை கொஞ்சமாவது இடம் கொடுக்கும். இது பூட்டுப் போட்டதுபோல நின்றது.

திரும்பவும் போய்ப் படத்தைப் பார்த்தேன். எலும்பின் தலை ஒரு பக்கம் சாய்ந்து தெரிய வேண்டும். இதில் மின்குமிழ் போல எல்லாப் பக்கமும் ஒரே அளவாக உருண்டிருந்தது. எலும்பு உட்பக்கம் திரும்பி நின்றால்தான் அந்த உருவம் வரும். பயிற்சிக் காலத்தில், மின்சாரக் கம்பியில் கைபட்டு வந்த ஒருவரின் படத்தில் அதைப் பார்த்திருந்தேன். பக்கவாட்டில் இன்னொரு படம் எடுக்கச் சொன்னேன். கையை உயர்த்த முடியாத பிள்ளையை மெல்ல மெல்லச் சாய்த்து, நோகாமல் எடுத்துத் தந்தார் எக்ஸ்ரே எடுப்பவர். அந்தப் படத்தில் சந்தேகத்துக்கு இடமில்லை. எலும்பின் தலை குழியை விட்டுப் பின்னால் போயிருந்தது.

தோள் முன்னால் விலக ஒரு விழுகை போதும். பின்னால் விலகுவது அரிது. உடம்பின் தசைகள் எல்லாம் ஒரே நேரத்தில் இறுகி இழுக்கும்போதுதான் பெரும்பாலும் அப்படி நடக்கும். மின்சாரம் பாய்ந்திருக்க வேண்டும், அல்லது வலிப்பு. ஆகவே எல்லாம் பொருந்தி வந்தது. வலிப்புள்ள பிள்ளை, வலிப்பு வந்தது, தோள் விலகியது. மயக்க மருந்து கொடுத்துத் தோளைச் சரிசெய்தால் வேலை முடிந்தது. மயக்கம் கொடுக்க முன்பு வழக்கப்படி ஈசிஜி எடுக்கச் சொன்னேன்.

எங்கள் பழைய இயந்திரம் கோட்டை மட்டும்தான் கீறும். அதற்கு விளக்கம் எதுவும் எழுதித் தராது. தாதி கொண்டுவந்து தந்த தாளை வேறொரு நோயாளியின் கட்டிலோரத்தில் நின்றபடிதான் விரித்தேன். துடிப்பு ஒழுங்காக இருந்தது. வேகமும் பிழையில்லை. ஒவ்வொரு துடிப்பிலும் முதலில் ஒரு கூரான ஏற்றம் வரும், பிறகு ஒரு மெல்லிய மேடு வரும். அந்த மேடு முடிகிற இடத்தில்தான் இதயம் அடுத்த துடிப்புக்குத் தயாராகிறது. இரண்டு கூரான ஏற்றங்களுக்கு நடுவே பாதி தூரம் போவதற்குள் அந்த மேடு இறங்கிவிட வேண்டும். இந்தப் பிள்ளையின் தாளில் அது இறங்கவில்லை. பாதியைத் தாண்டியும் இழுபட்டுக்கொண்டு போனது. தாளின் ஓரத்தில் பேனையால் புள்ளியிட்டு அளந்தேன். இன்னொரு துடிப்பில் அளந்தேன். இரத்தத்தில் உப்புகள் குறைந்தாலும் இப்படி வரும் என்பதால் இரத்தம் அனுப்பினேன். அது சரியாகவே வந்தது.

அப்போதுதான் கட்டிலடிக்குப் போய், இதுவரை வந்த வலிப்புகள் எல்லாம் எப்போது வந்தன என்று கேட்டேன். பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் ஓடும்போது ஒருமுறை. மழைக்கு முந்தி வீட்டுக்குப் போக சைக்கிளை வேகமாக மிதித்தபோது ஒருமுறை. நாய் துரத்தியபோது ஒருமுறை. பிள்ளை ஒவ்வொன்றாக யோசித்துச் சொல்லிக்கொண்டு வந்தாள். பிறகு தானே நிறுத்தி என்னைப் பார்த்தாள்.

"சும்மா இருக்கேக்க ஒருநாளும் வரேல்ல டொக்டர். நித்திரையிலயும் வரேல்ல."

"விழுறதுக்கு முதல் என்ன மாதிரி இருக்கும்?"

"நெஞ்சு படபடவெண்டு அடிக்கும். பிறகு இருட்டிப்போயிடும்."

அது வலிப்பு நோய் இல்லை என்பது எனக்கு அநேகமாக உறுதியாகிவிட்டது. அவளுடைய இதயம் ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் தயாராக அதிக நேரம் எடுக்கிறது. ஓடும்போதும் பயப்படும்போதும் துடிப்புகள் நெருங்கி வந்தால், தயாராகாத நேரத்தில் ஒன்று விழுந்து, இதயம் தாறுமாறாக நடுங்கத் தொடங்கும். மூளைக்கு இரத்தம் போகாது. ஆள் விழுந்து கைகால் இழுப்பது, பார்ப்பவர்களுக்கு வலிப்பாகவே தெரியும். பெரும்பாலும் தானாகவே சரிவந்துவிடும். சரிவராமல் போனால் ஆள் எழும்புவதில்லை.

தாளைப் படமெடுத்து யாழ்ப்பாணத்திலுள்ள இதய வைத்தியருக்கு அனுப்பினேன். அவர் உடனே அழைத்தார். என்னென்ன மருந்துகளைக் கொடுக்கக்கூடாது என்று சொன்னார். தோளைச் சரிசெய்யும்போது இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும் இயந்திரத்தைப் பக்கத்தில் வைத்திருக்கச் சொன்னார். பிறகு, குடும்பத்தில் இளவயதில் திடீரென்று செத்தவர்கள் உண்டா என்று கேட்கச் சொன்னார்.

தாயிடம் கேட்டேன். "இல்லீங்க" என்றார். கேள்வி முடியும் முன்பே பதில் வந்துவிட்டது. கட்டிலில் கிடந்த பிள்ளை முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

தோளைச் சத்திரசிகிச்சைக் கூடத்தில் வைத்துச் சரிசெய்தார்கள். ஒரு பிரச்சினையும் வரவில்லை. அடுத்த நாள் பிற்பகல் வாட்டுக்குப் போனேன். பிள்ளை தனியாக இருந்தாள். தாய் தேத்தண்ணி வாங்கப் போயிருந்தார். நான் ஒன்றும் கேட்காமலே, தனக்கு ஓர் அக்கா இருந்தாள் என்று சொல்லத் தொடங்கினாள்.

அக்காவுக்கு அப்போது பதினேழு வயது. குளத்தில் நன்றாக நீந்துவாள். யாரோ ஒரு பெடியனோடு பஸ் தரிப்பிடத்தில் நின்று கதைத்ததாக ஊரில் ஒருவர் சொல்ல, தகப்பன் அவளை அடித்திருக்கிறார். அடுத்த நாள் பின்னேரம் அக்காவும் தங்கையும் குளத்துக்குக் குளிக்கப் போனார்கள். தங்கை படியில் நின்று உடுப்புத் தோய்த்தாள். அக்கா தாமரை பிடுங்கி வருகிறேன் என்று நீந்திப் போனாள். திரும்பி வரவில்லை. மரண விசாரணையில் நீரில் மூழ்கிய சாவு என்று எழுதினார்கள். ஊர் அதை நம்பவில்லை. அடிவாங்கிய பிள்ளை, நல்லாய் நீந்தத் தெரிந்த பிள்ளை, வேண்டுமென்றுதான் போயிருக்கிறாள் என்று கதைத்தார்கள். வீட்டிலும் அதைத்தான் நம்பினார்கள். அதைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமலே நம்பினார்கள்.

"நான் பாத்துக்கொண்டு நிண்டனான் டொக்டர். அக்கா கையடிச்சு வேகமாப் போய்க்கொண்டிருந்தவா. அப்பிடியே நிண்டுட்டா. கூப்பிடேல்ல, கை தூக்கேல்ல. நான் எல்லாருக்கும் சொன்னனான். சின்னப்பிள்ளை பயத்தில சொல்லுது எண்டிட்டினம்."

அந்த வருடமே அவளுக்கும் விழுகைகள் தொடங்கின. அக்கா மூழ்கியதைக் கண்ணால் பார்த்த அதிர்ச்சியில் வந்த வலிப்பு என்று எல்லோரும் சொன்னார்கள். அவளும் அதை நம்பித்தான் இத்தனை காலம் மாத்திரை விழுங்கியிருக்கிறாள். யாரையும் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதிர்ச்சி இல்லாத வீடு எங்கள் பக்கத்தில் எது? எதைச் சொன்னாலும் பொருந்திவிடும்.

இந்த இதயக் கோளாறு உள்ளவர்களுக்கு எல்லாவற்றிலும் ஆபத்தானது நீச்சல். அதை அவளிடம் அப்போது சொல்லவில்லை. ஆனால் அவளுக்கு விளங்கிவிட்டது. சுவரைப் பார்த்துக்கொண்டு, "அக்காவுக்கும் இதுதானோ?" என்று கேட்டாள். இருக்கலாம் என்றேன். அவள் அழவில்லை. நல்ல கையால் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

இந்தக் கோளாறு பெற்றோரில் ஒருவரிடமிருந்து வருவது. இருவருக்கும் ஈசிஜி எடுக்கவேண்டும் என்று தாயிடம் சொன்னேன். தகப்பன் ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறார், ஆனால் உள்ளே வரமாட்டார், சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் இருக்கிறார் என்றார் அவர். நான் ஆளனுப்பிக் கூப்பிட்டேன். வயல் வேலைக்குப் போகிற சேட்டோடு வந்து, ஒரு கேள்வியும் கேட்காமல் படுத்து, எடுத்து முடிந்தவுடன் எழும்பி வெளியே போய்விட்டார். அவருடைய தாளில் ஒன்றும் இல்லை.

தாயினுடையது இழுபட்டிருந்தது. மகளுடையதைப் போல அவ்வளவு இல்லை, ஆனாலும் பார்த்தவுடன் தெரிந்தது. வாழ்நாளில் ஒரு தடவைகூட அவர் மயங்கி விழுந்ததில்லை. இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் இரண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு ஓடியிருக்கிறார். அப்போதும் விழவில்லை. ஒரே கோளாறு ஒருவரை விட்டுவைக்கும், ஒருவரைக் கொண்டுபோகும். ஏன் என்று என்னால் சொல்ல முடியாது.

அந்தத் தாளை வைத்துக்கொண்டு தாயிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவசர சிகிச்சைப் பிரிவில் கெட்ட செய்தி சொல்வது அன்றாட வேலை. ஆனால் அவை எல்லாம் அன்றைக்கு நடந்த ஒன்றைப் பற்றியவை. இங்கே எட்டு வருடத்துக்கு முன் புதைத்த பிள்ளையைப் பற்றி, இன்று நடந்ததுபோலப் பேசவேண்டியிருந்தது. கதவைச் சாத்திவிட்டு, முதலில் நான் இருந்தேன். அவரையும் கையைப் பிடித்து இருத்தினேன். கதிரையின் விளிம்பில் இருந்தார். சொன்னேன்.

அவர் தாளைக் கையில் வாங்கி விரித்துப் பார்த்தார்.

"அப்ப எங்கிட்ட இருந்துதான் புள்ளைங்களுக்குப் போயிருக்கு."

"நீங்கள் தெரிஞ்சு குடுக்கேல்ல அம்மா. கண் நிறம் வாற மாதிரி, இதுவும் வாறது. உங்களில பிழை இல்லை."

"பிழை இல்லீங்க. ஆனா எங்கிட்ட இருந்துதானே."

பிறகு அவர் கேட்டார்: முன்பே தெரிந்திருந்தால் பெரியவளைக் காப்பாற்றியிருக்கலாமா? மாத்திரை இருக்கிறது, மலிவான மாத்திரைதான், அதோடு குளத்தில் நீந்தாமல் இருந்திருந்தால் அநேகமாகக் காப்பாற்றியிருக்கலாம் என்று உண்மையைச் சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாமோ என்று இப்போதும் சில சமயம் யோசிக்கிறேன். அவர் சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். ஒரு மகள் கோபத்தில் தன்னை மாய்த்துக்கொண்டாள் என்று எட்டு வருடம் சுமந்தவர், அதை இறக்கிவைத்த அதே நிமிடத்தில் இன்னொன்றைத் தூக்கிக்கொண்டார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கண்ணைத் துடைத்துவிட்டு அவர் சொன்னது இதுதான்:

"அவருக்குச் சொல்லுங்க டொக்டர். என் பக்கத்தால வந்ததுன்னும் சொல்லுங்க. அவரு அந்தப் புள்ளைய அடிச்ச கையால சோறு தின்ன மாட்டாரு. அன்னைலேருந்து கரண்டியாலதான் தின்பாரு."

சைக்கிள் நிறுத்துமிடத்துக்கு நானே போனேன். வேப்பமர நிழலில் சீமெந்துத் திட்டில் இருந்தவர் என்னைக் கண்டதும் எழும்பினார். இருங்கோ ஐயா என்று நானும் பக்கத்தில் இருந்தேன். சின்ன மகளின் நோயை விளக்கினேன். அது தாய் வழியால் வந்திருக்கிறது என்றும் சொன்னேன். பிறகு பெரிய மகளைப் பற்றிச் சொன்னேன். தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். கால் பெருவிரலால் மணலைக் கிளறிக்கொண்டிருந்தார். அது நின்றுவிட்டது.

"அப்ப நான் அடிச்சதால இல்லீங்களா?"

அவருக்கு ஒரு சொல்லில் பதில் கொடுக்க ஆசையாக இருந்தது. ஆனால் பெரிய மகளின் இதயக் கோடு யாரிடமும் இல்லை. அப்படி ஒன்று எடுக்கப்படவே இல்லை.

"உறுதியாச் சொல்ல என்னட்ட ஆதாரம் இல்லை ஐயா. ஆனா தாய்க்கும் தங்கச்சிக்கும் இருக்கிறது அவவுக்கும் இருந்திருக்கும் எண்டுதான் நான் நம்புறன். நீந்தேக்கதான் இது கூடத் தாக்கும். சின்னவா கண்டதும் அதைத்தான்."

"நம்புறீங்க" என்றார். கேள்வியாகவும் இல்லை, மறுப்பாகவும் இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் ஒரு அம்புலன்ஸ் வந்து நின்றது. நான் போகவேண்டும். எழும்பியபோது அவர் மெல்லச் சொன்னார்:

"மொத நாளு ராத்திரி அவ சாப்பிடல. நான் சாப்பிட்டேன்."

அந்த ஒன்றை மாற்ற எந்த ஈசிஜியாலும் முடியாது. தலையாட்டிவிட்டு உள்ளே போனேன். அம்புலன்ஸில் வந்தவர் துணுக்காயிலிருந்து நெஞ்சுநோவோடு வந்த வயதானவர். அவருடைய தாளை விரித்தபோது என் கண் அதில் நிற்கவில்லை. தாதியிடம் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத் திரும்பவும் முதலிலிருந்து பார்த்தேன்.

பிள்ளையை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினோம். அங்கே இதயத்தின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மாத்திரை தொடங்கினார்கள். வலிப்பு மாத்திரையைப் படிப்படியாக நிறுத்தினார்கள். மாத்திரையோடும் விழுந்தால் நெஞ்சுக்குள் ஒரு கருவி பொருத்த வேண்டிவரும் என்றார்கள். இதுவரை விழவில்லை. தாய்க்கும் அதே மாத்திரை. மாதாந்தம் மருந்து எடுக்க இருவரும் எங்கள் ஆஸ்பத்திரிக்கே வந்தார்கள். வரும்போது என்னைத் தேடி வந்து ஒரு வார்த்தை கதைத்துவிட்டுப் போவார்கள்.

பிள்ளை தொழிற்சாலையில் நிலைக்கவில்லை. சில வாரம் போனாள். கூட வேலை செய்தவர்கள் அவள் எங்கே விழப்போகிறாளோ என்று பார்த்துக்கொண்டே இருந்தார்களாம். மேற்பார்வையாளர் படி ஏறவிடமாட்டாராம். தோளும் முழுதாகச் சரிவரவில்லை. கையை மேலே தூக்கினால் ஓர் இடத்தில் நின்றுவிடும். கடைசியில் வேலையை விட்டுவிட்டு வீட்டில் ஒரு தையல் இயந்திரம் வைத்துத் தைக்கத் தொடங்கினாள். ஒரு சம்பந்தம் பேசி வந்தது. பூவரசங்குளத்துப் பக்கத்து ஆட்கள். இதயத்தில் வருத்தம் என்று தெரிந்ததும் பேச்சு நின்றது. தாய் இதை என்னிடம் ஆஸ்பத்திரி நடைபாதையில் நின்று சொன்னார். வலிப்பு என்று இருந்தபோதும் இரண்டு சம்பந்தம் நின்றது என்று சொல்லி, அதைச் சிரிப்புப்போல ஒன்றோடு முடித்தார்.

அதற்கு அடுத்த வருடம் நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு வந்தது. எரிபொருளும் இல்லை. நான் விடுதியிலிருந்து வெளியே எங்கு போவதென்றாலும் சைக்கிளில்தான். மருந்தகத்தில் ஒரு மாத மாத்திரைக்குப் பதிலாக இரண்டு வாரத்துக்குக் கொடுத்தார்கள், பிறகு அதுவும் குறைந்தது. அந்த நாட்களில் ஒருமுறை இருவரும் வந்தபோது பழக்கத்தில் கையைப் பிடித்து நாடி பார்த்தேன். மகளுடையது மெதுவாக, அந்த மாத்திரை எடுப்பவருக்கு இருக்கவேண்டியதுபோலவே இருந்தது. தாயினுடையது ஓடியது.

மாத்திரை எடுக்கிறீர்களா என்றேன். எடுக்கிறேன் என்றார். ஈசிஜி எடுக்கப் போகிறேன் என்றதும் கையை இழுத்துக்கொண்டார். பிள்ளைக்கு அப்போதுதான் விளங்கியது. காலையில் தாய் இரண்டு பேருக்கும் மாத்திரை எடுத்துவைப்பாராம். தனக்கானதை மகளின் போத்தலில் போட்டு வந்திருக்கிறார். போத்தல் காலியாகவே இல்லை என்று பிள்ளை ஆச்சரியப்பட்டிருக்கிறாள், ஆனால் யோசிக்கவில்லை.

"எனக்கு ஒண்ணும் வராது டொக்டர். இவ்வளவு காலமும் வரலயே. பெரிய புள்ளைக்குத்தான் குடுக்க முடியல."

பிள்ளைக்கு வந்த கோபத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அம்மா குடிக்காவிட்டால் தானும் குடிக்கப்போவதில்லை என்று அந்த நடைபாதையிலேயே சொன்னாள். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தினால் நெஞ்சுக்கு ஆகாது என்று அவளுக்குப் பழகிவிட்டிருந்தது. கண்ணீர் மட்டும் வந்தது. நான் கொழும்பில் வேலை செய்யும் ஒரு சினேகிதியிடம் சொல்லி, கிடைத்த மாத்திரைகளை பஸ்ஸில் அனுப்பச் செய்தேன். அது அந்தக் குடும்பத்துக்குக் கொஞ்சக் காலம் தாக்குப்பிடித்தது. அதே மாத்திரை இல்லாமல் போன மற்றவர்கள் எத்தனை பேர் என்று நினைக்கக்கூடாது என்று என்னை நானே தடுத்துக்கொண்டேன்.

அதன்பிறகு மாத்திரை கொடுக்கும் வேலையைத் தகப்பன் எடுத்துக்கொண்டாராம். விடிய வயலுக்குப் போக முன்பு இருவருக்கும் தண்ணீரும் மாத்திரையும் கொடுத்து, விழுங்கும்வரை நின்றுவிட்டுத்தான் போவாராம். அக்காவின் படத்தைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள் என்றும் பிள்ளை சொன்னாள். அந்தச் சுவரைப் பார்த்து இருந்து அப்பா சாப்பிடமாட்டார் என்றாள். இன்னமும் கரண்டிதானா என்று எனக்குக் கேட்க வரவில்லை.

கடைசியாக அவர்கள் வந்தது போன மாதம். தாய் மருந்து எடுக்க வரிசையில் நின்றார். பிள்ளை என் அறைக்கு வந்து கதவைச் சாத்திவிட்டு, நான் சொல்லாமலே கதிரையில் இருந்தாள். தையல் எப்படிப் போகிறது என்று கேட்டேன். பரவாயில்லை, பள்ளிக்கூடச் சீருடைகள் வருகின்றன என்றாள். பிறகு, அம்மாவுக்கு முன்னால் கேட்க முடியாத ஒன்றைக் கேட்க வந்ததாகச் சொன்னாள்.

"எனக்குப் பிள்ளை பிறந்தா அதுக்கும் வருமோ?"

பாதிக்குப் பாதி என்றேன். வரலாம், வராமலும் போகலாம். வந்தாலும் பிறந்தவுடனே ஈசிஜி எடுத்துப் பார்க்கலாம், சிறுவயதிலேயே மருந்து தொடங்கலாம், இன்று இது தெரிந்த நோய் என்றேன். நான் சொன்னதெல்லாம் உண்மைதான். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்த உண்மைகள் அவளுக்கு எவ்வளவு சிறியதாகப் படும் என்பதும் தெரிந்தது. ஓடி விளையாடுகிற ஒரு குழந்தைக்குப் பின்னால் தன்னால் ஓடவும் முடியாதே என்று அவள் யோசித்திருக்கக்கூடும். நானாக அதைக் கேட்கவில்லை.

மனதில் ஆரையாவது வைத்திருக்கிறாயா என்று கேட்டேன். இல்லை என்பதுபோலவும், பதில் சொல்ல விருப்பமில்லை என்பதுபோலவும் தலையை அசைத்தாள். சரிவராத தோளை மற்றக் கையால் தடவிக்கொண்டிருந்தாள்.

"இந்தக் கேள்வி அம்மான்ர காதில விழுந்தா, எங்களைப் பெத்திருக்கக் கூடாது எண்டு நினைச்சிடுவா. அதுதான் தனிய வந்தனான்."

வெளியே தாய் அவளைக் கூப்பிடும் சத்தம் கேட்டது. எழும்பி, யோசிக்கிறேன் டொக்டர் என்றாள். அடுத்த கிளினிக் எந்தக் கிழமை என்று கேட்டாள். சொன்னேன். கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போனாள். அடுத்ததாக முழங்கால் வீங்கிய ஒருவர், எக்ஸ்ரே உறையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, உள்ளே வந்தார்.